பின் டயரும் இரண்டு எலுமிச்சம்பழமும்

1937 பிப்ரவரி 8. மோட்டார் சைக்கிள், பழையது. ரூ. 260–0–0
1937 பிப்ரவரி 22. காற்று அளக்கும் கேஜ். ரூ. 2–12–0
1938 நவம்பர் 3. பின் டயர், புதியது. ரூ. 19–8–0
1939 டிசம்பர் 11. பின் டயர், புதியது. ரூ. 27–0–0
1940 மே 2. பந்தய நுழைவுக் கட்டணம். ரூ. 5–0–0
1940 மே 19. எலுமிச்சம்பழம் இரண்டு. ரூ. 0–0–6

ஆத்மநாதனைக் கவிழ்த்தது அவர் கணக்கு நோட்டின் இந்தக் கடைசி வரிதான். இருபத்தேழு ரூபாய் டயரை அரையணாப் பழம் தின்றுவிட்டது.

அவர் அன்னவாசல்காரர். பஸ் கிளீனராகப் போய், திருச்சியில் ஒரு மோட்டார் பட்டறையில் ஏழு வருஷம் கை கறுத்து, பட்டறை முதலாளியின் பழைய பி.எஸ்.ஏ. வண்டியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். புதுக்கோட்டை ஸ்டேஷனில் காலை ரயிலில் இறங்கும் செய்தித்தாள் கட்டுகளையும் மருந்துப் பார்சல்களையும் பின்னால் கட்டிக்கொண்டு, பொன்னமராவதி வரை கடை கடையாகக் கொடுப்பது அவர் தொழில். பஸ்ஸில் போனால் அந்தக் கட்டு எப்போது போய்ச் சேரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆத்மநாதன் கொண்டுபோனால் அன்றன்றைய பேப்பரை அன்றன்றைக்கே படிக்கலாம். அதற்காகத்தான் கடைக்காரர்கள் அவருக்குக் கூலி கொடுத்தார்கள்.

வண்டியால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் மனிதர்களால் வந்தது. எந்தக் காப்பிக் கடை முன்னால் நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து பின் டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார்.

"என்னங்க, காத்து கம்மியா இருக்கே?"

"கம்மி இல்லீங்க. அளவு அதுதான்."

"அட, அமுங்குதே!"

அமுங்கத்தான் வேண்டும் என்று அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! கொஞ்சம் அமுங்கினால்தான் டயரின் முழு அகலமும் தரையைப் பிடிக்கும். கல்லாக அடித்தால் நடுப்பட்டை மட்டும் உரசும், அது மட்டும் தேயும், திருப்பத்தில் வழுக்கும். ரொம்பக் குறைத்தாலும் பக்கவாட்டு நூல் அறும். ஆகவே அளந்து அடிக்க வேண்டும். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, போகும்போது இன்னொரு உதை உதைத்துவிட்டுப் போவார்கள்.

எல்லோரிலும் மோசம் மச்சான் அய்யாக்கண்ணு. மனைவி செங்கமலத்தின் அண்ணன். இரட்டை மாட்டு வண்டி ஓட்டுகிறவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. உதவி செய்யாமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தையே பார்த்து வளர்ந்தவருக்கு, சக்கரம் என்றால் அமுங்கக் கூடாது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் பம்பை எடுத்து நாலு அடி அடித்து வைத்துவிடுவார். ஆத்மநாதன் வால்வை அழுத்தி அதை வெளியே விடுவார். இது மூன்று வருஷமாக நடந்த கதை.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதும் கப்பல் வரத்து குறைந்தது. திருச்சியில் டயர் ஏஜெண்ட் கையை விரித்தார். டிசம்பரில் போட்ட பின் டயர் ஐப்பசி மழை வரை தாங்கும், அதற்குமேல் தாங்காது என்று ஆத்மநாதன் கணக்குப் போட்டிருந்தார். டயர் இல்லையென்றால் பேப்பர் கட்டு பஸ்ஸுக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் பந்தயம் வந்தது. போர் நிதிக்காக, அன்னவாசலுக்குக் கிழக்கே வறண்டு கிடந்த கண்மாயில் மோட்டார் சைக்கிள் பந்தயம், பத்துச் சுற்று. இரண்டாம் பரிசு வெள்ளிக் கிண்ணம். முதல் பரிசு அதே ஏஜெண்ட் கொடுத்த ஒரு ஜோடிப் புது டயர்.

செங்கமலம் கேட்டாள்: "இருக்கிற டயரத் தேச்சு இல்லாத டயர வாங்கப் போறீங்களா?"

"வேற வழி சொல்லு."

அவள் நுழைவுக் கட்டணத்துக்கு ஐந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தாள்.

விடிந்ததும் கண்மாய்க்குப் போய் ஆத்மநாதன் பழகினார். டயரின் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார். சரளைத் தரையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கிப் பார்ப்பார். இருபத்துநாலு பவுண்டு காற்றில் கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தது. பதினாறில் இரு ஓரமும் அழிந்து நடுவில் மிச்சம் இருந்தது. திருப்பத்தில் வண்டியும் நெளிந்தது. பதினெட்டில் கோடு முழுக்கச் சீராக அழிந்திருந்தது. வெயிலில் ஓட ஓட உள்ளே காற்று சூடேறி இரண்டு மூன்று பவுண்டு கூடும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பதினெட்டு. அப்படி ஓட்டினால் பத்துச் சுற்றுக்கும் டயர் தாங்கும், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தொழிலுக்கும் ஆகும்.

பந்தயத்தன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறும் முன்பே கேஜ் வைத்துப் பார்த்தார். சரியாகப் பதினெட்டு. கேஜைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமியார் அழகம்மாள் கோயிலிலிருந்து குங்குமமும் இரண்டு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்திருந்தாள். வண்டி புறப்படும் முன் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். அதில் ஆத்மநாதனுக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குள் யார் எந்த இடத்தில் நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடப் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள். "உருட்டி மட்டும் வைங்க, மச்சான். வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அய்யாக்கண்ணு உருட்டினார். முன் சக்கரத்துப் பழம் நசுங்கியது. பின் சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. அது சின்னக் காய்ப்பழம். டயர் அதன்மேல் மெத்தை மாதிரி அமுங்கி ஏறி இறங்க, பழம் முழுசாக உருண்டு ஓடியது. அழகம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏண்டா அய்யாக்கண்ணு, பழம் நசுங்காம வண்டி எடுத்தா வெளங்குமாடா?"

"காத்து இல்ல, ஆத்தா. மாப்ள மறந்துட்டாரு. இங்கிட்டுக் குடு அந்தப் பம்ப!"

அய்யாக்கண்ணு தன் முழுப் பலத்தையும் போட்டு அடித்தார். இரண்டாவது முறை உருட்டியபோது பழம் பட்டென்று சிதறியது. எல்லோருக்கும் திருப்தி.

திரும்பி வந்த ஆத்மநாதன் கேஜை எடுக்கப் பையில் கை விட்டார். அதற்குள் வரிசைக்கு வரச் சொல்லி விசில் ஊதிவிட்டார்கள். சிதறிக் கிடந்த பழத்தைப் பார்த்தார். எல்லாம் முறைப்படி நடந்தது என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

முதல் திருப்பத்திலேயே பின் சக்கரம் சரளைமேல் வழுக்கியது. இரண்டாம் சுற்றில் குலுக்கலில் அவர் பல்லே ஆடியது. மூன்றாம் சுற்றில் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் முன்னால் போனது ஒரே ஒரு வண்டி. பொன்னமராவதி ஜவுளிக்கடை வீட்டு வெள்ளைச்சாமியுடையது. அவனும் தடுமாறித்தான் ஓட்டினான். நிறுத்திக் காற்றை விட்டால் கால் சுற்று போகும். விடாவிட்டால் டயரே போகும். ஆத்மநாதன் ஓரங்கட்டி, தீக்குச்சியால் வால்வை அழுத்தினார். உஸ்ஸென்று காற்று வந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடி வந்தார். கையில் பம்பு.

"மாப்ளே! காத்து போவுது மாப்ளே! பதறாதீங்க, நான் இருக்கேன்!"

"கிட்ட வராதீங்க மச்சான்!"

"ஒங்களுக்குத் தெரியாது, பின்னாடிதான் போவுது!"

"நான்தான் விடுறேன்!"

"நீங்களா? சாமி, வெயிலு தலைக்கேறிருச்சு. யாராவது தண்ணி கொண்டாங்கப்பா!"

இரண்டு பேர் ஆத்மநாதனைத் தோளோடு பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் முகத்தில் தண்ணீர் தெளித்தான். அவர் திமிறி விடுபடுவதற்குள் அய்யாக்கண்ணு, போன காற்றையும் போகாத காற்றையும் சேர்த்து உள்ளே அடித்து முடித்திருந்தார். அதற்குமேல் சண்டை போட நேரமில்லை. மிச்சச் சுற்றுகளை அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து ஓட்டினார். வெள்ளைச்சாமிக்கு அடுத்து வந்தார்.

இறங்கியதும் கேஜை வைத்தார். முப்பத்தெட்டு. டயரின் நடுவில் விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, கித்தான் வெள்ளையாகத் தெரிந்தது. இரு ஓரங்களிலும் அச்சில் வார்த்த வரிப் பள்ளங்கள் ஆழம் குறையாமல் இருந்தன. அய்யாக்கண்ணு குனிந்து தடவிப் பார்த்தார்.

"பாருங்க மாப்ளே, ரெண்டு பக்கமும் புத்தம் புதுசா இருக்கு!"

ஆத்மநாதன் வெள்ளிக் கிண்ணத்தை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். வெள்ளைச்சாமி பரிசு டயர்களை அன்றே தன் வண்டியில் மாட்டிக்கொண்டான்.

பழைய டயர்த் துண்டை உள்பக்கம் வைத்துத் தைத்து, ஆவணி வரை எப்படியோ ஓட்டினார். ஒரு நாள் வழியில் அது வெடித்தது. பேப்பர் கட்டு பஸ்ஸுக்குப் போனது. வண்டியை வீட்டில் செங்கல்மேல் ஏற்றி நிறுத்தினார். புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஷெட்டில் டயர் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே டிரைவர்கள் வந்து உதைத்துப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா இருக்கே?" என்றார்கள்.

ஒரு பின் டயர் வேண்டும் என்று திருச்சி ஏஜெண்டுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். பொறுக்கச் சொல்லிப் பதில் வரும். 1942 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை கடைசியாக வந்த பதிலைச் செங்கமலத்திடம் படித்துக் காட்டும்போது அய்யாக்கண்ணுவும் இருந்தார். இனிமேல் டயர் பட்டாளத்துக்கு மட்டும்தான், தனியாருக்குக் கிடையாது, தயவுசெய்து இனி எழுத வேண்டாம் என்று இருந்தது. கூடவே ஓர் அச்சடித்த தாள். டயரைக் காப்பாற்றும் வழிகள். முதல் வழி, காற்றைக் கேஜ் வைத்து அளந்து அடிப்பது. மிதமிஞ்சி அடித்தால் நடுப்பட்டை தேயும் என்று படம் போட்டிருந்தார்கள்.

"என்ன மாப்ளே எழுதிருக்கான்?"

"காத்த அளவா அடிக்கச் சொல்லிருக்கான், மச்சான்."

"அதத்தான நானும் சொல்றேன்! நீங்க வேலைக்குப் போனாலும் கவலைப்படாதீங்க. முன் சக்கரத்துக்கு வாராவாரம் நான் அடிச்சு வச்சிட்டுத்தான் போறேன்."

ஆத்மநாதன் எழுந்துபோய்ச் செங்கல்மேல் நின்ற வண்டியின் முன் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். கல்.