ஓடைத் தண்ணீரில் வளர்ந்த வல்லாரை

நாத்தனார் மகளின் சடங்கு விருந்துக்குப் பச்சையாகப் பிசைந்து சம்பல் போட வல்லாரைக் கீரை கொடுத்தது நான்தான். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே நான்கு பாத்தி போட்டிருந்தேன். மேட்டிலிருந்து வரும் ஓடையில் ஒரு குழாயைச் செருகி அந்தத் தண்ணீரைத்தான் பாய்ச்சுவேன். விடிந்ததும் இரண்டு கூடை அறுத்துக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன்.

பிறகு பாத்திக்குத் தண்ணீர் விடப் போனால், குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இலை அடைத்திருக்கும் என்று ஓடையோரமாக ஏறினேன். குழாய் வாய் கண்ணில் படுவதற்குள் நாற்றம் வந்துவிட்டது. மேல் லயத்துக் கக்கூஸ் குழியின் ஒரு பக்கம் மழையில் சரிந்து, கறுப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அது வழிந்த தடத்தில் புல் அழுகிக் கிடந்தது. ஒரு நாளில் வந்த அழுகல் இல்லை.

கணவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. தேயிலைக்குள் குறுக்கே இறங்கி ஓடினேன்.

விருந்து நடந்த கோயில் மண்டபத்தின் பின்னால் சமையல்காரர் வல்லாரையில் தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளே முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது.

"அண்ணே, அதப் போடாதீங்க. கீரைக்கு விட்ட தண்ணியில கக்கூஸ் குழி கலந்திருக்கு."

"மூணு தண்ணியில கழுவியாச்சும்மா."

"கழுவினா போகாதுண்ணே. பச்சையாத் திங்கிறது."

சத்தம் கேட்டு நாத்தனார் வந்தார். என் கணவருக்கு மூத்தவர்.

"விசேஷ வீட்டுல வந்து என்ன பேச்சு புள்ள இது?"

"அண்ணி, சின்னப் புள்ளைங்க சாப்பிடப் போகுதுங்க."

அவர் மறிப்பதற்குள் சட்டியை இழுத்துக் குப்பைக் குழியில் கொட்டினேன். கீரை அரிந்த கத்தியையும் பலகையையும் கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அங்கே சாப்பிட்ட ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் பொறாமையில் செய்ததாகப் பேசினார்கள். ஆனால் சடங்குக்கு முந்தின நாள் அதே பாத்திக் கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டிருந்த என் கணவருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கண்டு, பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நாத்தனார் கஞ்சியோடு வார்டுக்கு வந்தார். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கீரைய வேற யாருக்குக் கொடுத்த?" என்றார்.

சடங்கு நடந்த வாரத்தில் பசறைச் சந்தைக் கடைக்காரர் ஒருவருக்கும் கட்டுக் கட்டிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டெல்லாம் எப்போதோ விற்றுப் போயிருந்தது. யார் வாங்கினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.