சிங்க ராஜாவின் பாஸ்போர்ட்

மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் ஒரு சிங்கக் குட்டி. அப்பா காட்டுக்கு ராஜா. எங்கள் தமிழ்ப்பள்ளிக் கலைவிழாவுக்காக, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து நடிக்கும் நாடகம் ஒன்றை டீச்சர் எழுதியிருந்தார். கதை சின்னது. நரி வந்து குட்டியின் காதில் ஓதுகிறது: உன் அப்பா உன்னைத் தாங்க மாட்டார். ராஜா பாறைக்குக் கீழே நின்று கைகளை விரிக்கிறார். குட்டி மேலிருந்து குதிக்கிறது. ராஜா பிடித்துக்கொள்கிறார். நரி ஓடிவிடுகிறது.

பாறை என்பது கேன்டீன் மேசைமேல் இன்னொரு மேசை. அதன்மேல் சாம்பல் வண்ணம் அடித்த துணி. என் உயரத்தைவிட ஒரு சாண் அதிகம். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. ஒன்பது வயதிலும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சிங்க முகத்தை அட்டைப்பெட்டியில் செய்து, பிடரிக்கு மஞ்சள் ரஃபியா கயிற்றைத் தொங்கவிட்டிருந்தோம். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் வெளியே ஒன்றும் கேட்காது. அதனால் எங்கள் பள்ளியில் வசனங்களை முன்பே பதிவுசெய்துவிடுவார்கள். மேடையில் ஒலிபெருக்கி பேசும், நாங்கள் கையையும் தலையையும் ஆட்டுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி அறையில் அப்பாவின் குரலைப் பதிவு செய்தார்கள். "அஞ்சாதே கண்ணே! இந்தக் காட்டின் அரசன் நான். உன்னைக் கீழே விடமாட்டேன். குதி!" அதன்பின் மூன்று விநாடி அமைதி, நான் குதிப்பதற்கு. பிறகு என் குரல்: "பிடித்துவிட்டீர்கள் அப்பா!" பிறகு கைதட்டல்.

நாங்கள் ஜொகூரில், ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில், ஒரு பட்டறையில் இரும்புக் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் கெலாங் பாத்தா வழியாக இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போய், இரவு எட்டுக்குத்தான் வருவார். அவருக்குத் தோசை கட்டிக் கொடுக்க அம்மா நாலு மணிக்கு எழுவார். இப்படிப்பட்டவர் வார நாளில் ஒத்திகைக்கு வரமாட்டார் என்பது டீச்சருக்கும் தெரியும்.

ஆனால் அப்பா வந்தார். ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு வந்து நின்றார். அடுத்த புதனும் வந்தார். "அரை நாள் லீவு போட்டேன் டீச்சர்."

டீச்சர் மற்ற அப்பாக்களைப் பார்த்து, "இவரு சிங்கப்பூர்லேர்ந்து வர்றாரு. பக்கத்துத் தாமான்ல இருக்கிற உங்களுக்கு வர முடியல, இல்ல?" என்றார். நரியின் அப்பா தலையைச் சொறிந்தார்.

இரண்டு புதன்கிழமைகள் எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாவது புதன் சந்தேகம் வந்தது. காய்ச்சலுக்குக்கூட லீவு எடுக்காதவர் அப்பா.

அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'அப்பா' என்று தலைப்பிட்டேன். முதல் குறிப்பு, மூன்று புதன் லீவு. இரண்டாவது, வாசம். அவர் சட்டையில் எப்போதும் சுட்ட இரும்பு வாசம் வரும், இப்போது ரப்பர் வாசம். மூன்றாவது, மோட்டார் மீட்டர். தினமும் அவர் வந்ததும் மீட்டரில் எத்தனை ஓடியிருக்கிறது என்று படித்துச் சொல்வது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. சிங்கப்பூர் போய் வந்தால் எழுபதுக்கு மேல் கூடியிருக்கும். சில வாரங்களாக அப்பா அந்த விளையாட்டை மறந்துபோயிருந்தார். மோட்டாரையும் சுவரைப் பார்த்து நிறுத்தினார். நான் இடுக்கில் நுழைந்து படித்தேன்.

"அப்பா, பன்னெண்டுதான் ஓடியிருக்கு."

"மீட்டர் சரியில்லமா. வயர் லூசு."

மறுநாளும் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் பதின்மூன்று. லூசான வயர் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினேழு வயது, தெரியாத விஷயம் கிடையாது. யாருடைய அப்பா என்று சொல்லாமல் கேட்டேன். "அக்கா, ஒருத்தரு வேலைக்கிப் போறேன்னு சொல்லிட்டு வேற எங்கயோ போனா, எங்க போவாரு?"

"அலமாக், வேற எங்க? இன்னொரு வீட்டுக்குத்தான்."

"அங்க யாரு இருப்பாங்க?"

"வேற பொண்டாட்டி, வேற புள்ளைங்க லா."

"ஆனா வீட்ல எப்பயும் போலத்தான் சிரிச்சுப் பேசுறாரு."

"அதான்டி அடையாளமே."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அப்பாவுக்கு வேறொரு குட்டி இருக்கிறதா?

கலைவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, என் பிடரிக் கயிறு அவிழ்ந்துவிட்டது. கத்தரிக்கோல் தேடி அம்மாவின் அலமாரி டிராயரைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில், ரப்பர் பேண்ட் போட்டு, அப்பாவின் பாஸ்போர்ட் இருந்தது. விடியற்காலை அவர் மோட்டார் கிளம்பிய சத்தத்தை நான் காதால் கேட்டிருந்தேன். ஜொகூர் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிவப்புப் புத்தகம் வீட்டில் இருந்தால் ஆள் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தேன்.

இரவு எட்டுக்கு அப்பா வந்தார். "இன்னிக்குப் பாலத்துல ஜேம் எப்டிப்பா?" என்றேன்.

"ஐயோ, அத ஏன் கேக்குற. ரெண்டு மணி நேரம். நகரவே இல்ல."

அம்மா அடுப்பின் முன் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கடைசி ஒத்திகை. வயிற்று வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதுவரை ஒத்திகைகளில் பதினொரு முறை குதித்திருந்தேன். பதினொரு முறையும் பிடித்தார். ஆனால் அதெல்லாம் டிராயரைத் திறப்பதற்கு முன்பு.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார். நான் பாறைமேல் நின்றேன். நரி என் காதில் ஓதிவிட்டுப் போனது. கீழே அப்பா, பழைய திரைச்சீலையில் அம்மா தைத்த பழுப்பு உடையில், கைகளை விரித்து நின்றார்.

"அஞ்சாதே கண்ணே! இந்தக் காட்டின் அரசன் நான். உன்னைக் கீழே விடமாட்டேன். குதி!"

அந்தக் குரலைப் பதிவு செய்த நாட்களில் மீட்டர் எழுபது காட்டிக்கொண்டிருந்தது. கீழே நிற்பவர் பன்னிரண்டு. நான் குதிக்கவில்லை.

மூன்று விநாடி முடிந்தது. "பிடித்துவிட்டீர்கள் அப்பா!" என்று என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் மேலேயே நின்றேன். சொல்லிக் கொடுத்தபடி முயல்களும் கரடியும் கை தட்டின. ஜனங்கள் சிரித்தார்கள்.

"குதிமா! குதி!" என்று திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் கிசுகிசுத்தார். பதிவை மறுபடி பின்னுக்கு ஓட்டினார்கள். அப்பா மறுபடி காட்டுக்கு அரசரானார். என் குரல் மறுபடி, பிடித்துவிட்டீர்கள் என்றது. பின்வரிசையில் ஒருவர், "ராஜாக்கு ஒரு ஏணி குடுங்க லா!" என்று கத்தினார்.

அப்பா பாறையை ஒட்டி வந்தார். அட்டை முகத்துக்குள்ளிருந்து அவருடைய நிஜக் குரல் மெதுவாகக் கேட்டது. "என்ன பாப்பா? பயமா இருக்கா?"

"பாஸ்போர்ட் வீட்ல இருக்கு."

சிங்கம் அசையவில்லை. "எப்பப் பாத்த?"

"வியாழக்கிழமை. அன்னிக்கு ஜேம்னு சொன்னீங்க."

ஒலிபெருக்கி மூன்றாவது முறையாக, அஞ்சாதே கண்ணே என்று ஆரம்பித்தது.

"வேற வீடு இருக்காப்பா?"

"என்னது?" அவர் முகமூடியை மூக்கு வரை தூக்கினார். மீசை வியர்த்திருந்தது. "வேல போச்சும்மா. ஆளக் கொறச்சிட்டாங்க. ஸ்கூடாய்லதான், டயர் கடையில நிக்கிறேன். மொதலாளிகிட்ட சொல்லிட்டு ஒத்திகைக்கு வர்றேன். வேற வீடா? யாரு சொன்னா ஒனக்கு?"

நோட்டில் எழுதியதை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் வாசம், சரி. பன்னிரண்டு கிலோமீட்டர், சரி. மூன்று புதன், சரி. ஜேம் மட்டும் இன்னும் பொய்யாகவே இருந்தது.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னிக்கே சொல்லிடுறேன். குதிம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

முகமூடியை அப்படியே விட்டுவிட்டுக் கைகளை விரித்தார். குதித்தேன். பிடித்தார். அட்டை முகம் கழன்று உருண்டு கரடியின் காலடியில் போய் நின்றது. ரஃபியா கயிறு என் வாய்க்குள் போனது. அதற்குள் ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார்கள், என் வசனம் வரவே இல்லை.

மதியம் சாப்பிட்டபிறகு அம்மா சிங்க உடையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நின்று இருமினார், ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுத்தார், மறுபடி இருமினார். நான் வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். இன்றே சொல்கிறேன் என்றவர் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அம்மாதான் கேட்டார். "நாளைக்கு எத்தன மணிக்கு எழுப்பணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"ஏழு மணிக்குப் போதும்," என்றார்.

அம்மா வால் பகுதியை உதறிக் கொடியில் போட்டார். "ஏழுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, ஒரு மாசமா நாலு மணிக்கு எந்திரிச்சு நான் தோச சுட்டிருக்க மாட்டேன்ல?"

"ஒனக்கு எப்டி..."

"ஒளிச்சு வைக்க எடமா இல்ல? என் சேலைக்கு அடியிலதானா வைப்பீங்க?"

அப்பா கையிலிருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினார். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்." வாலைக் கொடியில் நீவிவிட்டபடி, "விடியக்காலையில போயி எங்க உக்காந்திருந்தீங்க?" என்றார்.

"மாமாக் சாப்பாட்டுக் கடையில."

"என் தோச?"

"அங்கதான் சாப்ட்டேன்."

"அடுத்தவன் கடையில உக்காந்து என் தோசயா?" அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அப்பா நீட்டிய கிளிப்பை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அப்பா ஏழே முக்காலுக்குக் கிளம்பினார். மாலை ஆறரைக்கு வந்து, மோட்டாரை வாசலைப் பார்த்து நிறுத்தினார். நான் குனிந்து படித்தேன்.

"பன்னெண்டுப்பா."

"சரியா இருக்கு," என்றார்.

எழுதிக்கொண்டேன். அடுத்த ஒரு மாதம், வாரத்துக்கு ஒருமுறை டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டையும் பார்த்தேன்.