தாமதமாக வந்த சாக்ஸபோன்

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கல்லூரி நண்பனும் சேர்ந்து வாசிப்போம். அவன் சர்ச் பேண்டில் சாக்ஸபோன் கற்றவன். ஆனால் உயிரை விட்டது ஜாஸ் இசைக்கு. பத்து மணிக்கு வரச்சொன்னால், சர்ச்சில் பூசை முடிந்து பதினொன்றுக்கு வருவான். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸே இல்லடா" என்பான். நான் லேப்டாப்பில் ஹவுஸ் என்கிற நடன இசையின் தாளத்தை ஓடவிடுவேன். கொஞ்சமும் மாறாமல் ஒரே சீராக இடித்துக்கொண்டிருக்கும் தாளம் அது. அதன்மேல் அவன் மனம்போன போக்கில் வாசிப்பான்.

ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் தாளத்துக்கு ஒரு கண்ணிமைப்பு பிந்தித்தான் தொடுவான். எனக்கு அது பிழையாகவே பட்டது. ஒருமுறை எங்கள் பதிவு ஒன்றை எடுத்து, பகல் முழுக்க லேப்டாப் முன் உட்கார்ந்து, சுரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தித் தாளத்தோடு பொருத்தினேன். அடுத்த ஞாயிறு பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "நல்லாத்தான் இருக்கு. யாருடா வாசிச்சது?"

எனக்குச் சுருக்கென்றது. "தாளத்துல நின்னா குத்தமா?" என்றேன். சிரித்துக்கொண்டே சாக்ஸபோனைக் கையில் எடுத்தான்.

அவன் துபாய்க்கு வேலைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. சாக்ஸபோனைத் தொடுவதே இல்லையாம். திருத்தாத பதிவுகளையெல்லாம், லேப்டாப்பில் இடத்தை அடைக்கின்றனவென்று திருத்திய அன்றே அழித்துவிட்டேன். இருப்பது திருத்தியது மட்டும்தான். ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது அதைத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு சுரமும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது. அவன்தான் வருவதில்லை.