பாரம் பத்தாத வண்டி

“…அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்ள, பாரம் பத்தலை, அவ்வளவுதான். பின்னால நாலு மூட்டை மணலப் போட்டமுன்னா வண்டி மெத்துமெத்துன்னு போவும் பாருங்க.”

சொன்னவர் என் மனைவியின் அண்ணன். சொன்ன இடம், சேலத்திலிருந்து சங்ககிரி போகும் வழியில் ஒரு சர்வீஸ் ரோட்டோரம். சொல்லும்போது அவர் விரலில் முட்டையின் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. அதை, என் மனைவி தன் கையால் தைத்து மாட்டிய சன்னல் திரையில் துடைத்தார். ஒரே இழுப்பாகக்கூட இல்லை. விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தார். அந்தத் திரை ஞாபகத்துக்கு வந்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நிற்பாள், நடப்பாள். உட்கார்ந்தால்தான் கொஞ்ச நேரத்தில் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் சுண்டி இழுக்கும். “படுத்துக்கிட்டே போலாம், ஆனா தூக்கிப் போடக் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் ஏற்காடு மலை. அவள் ஒரு நாள், “இந்த மலையவே எத்தன நாளைக்குங்க பாத்துட்டுக் கெடக்கறது? ஒருக்கா என்னையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்களே” என்றாள். நகை நட்டு என்று வாய் திறந்து எதையும் கேட்டவள் இல்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைக்கலாம் என்று நான் முடிவு செய்தது அதற்காகத்தான். மச்சானுக்குச் சங்ககிரியில் லாரிகள் ஓடுகின்றன. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் அவருக்குத் தனி மரியாதை. வண்டியை அவரிடமே விட்டேன். “மத்ததெல்லாம் எப்படியோ இருக்கட்டுமுங்க மச்சான், சஸ்பென்ஷன மட்டும் சாஃப்டாப் பண்ணிருங்க. உங்க தங்கச்சி படுத்துட்டு வரோணும்” என்று போனில் கேட்டுக் கேட்டு அலுத்தேன். வீடியோக்களைப் பார்த்து நானாகப் படித்துக்கொண்டிருந்தேன்: சீட்டுகளைக் கழற்றிவிட்டால் வண்டி லேசாகிவிடும், லேசான வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங் ஆகாது. அவர், “கவலைய உடுங்க மாப்ள, சூப்பராப் பண்ணியாச்சு” என்றார்.

வண்டி எங்கள் தெருவில் வந்து நின்றது. எனக்குச் சனங்களின் வாய்ப்பேச்சு என்றால் உயிர். அன்றைக்கு வயிறு நிறையக் கிடைத்தது. “ஏனுங்க, ஆம்புலன்ஸ் வாங்கி உட்டிருக்கீங்களா?” என்றார் எதிர்வீட்டுக்காரர். பால்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஊடுதான் இருக்குதல்ல சாமி, அப்பறம் எதுக்கு இன்னொரு ஊட்டக் கையோட தூக்கிட்டுத் திரியறீங்க?” என்றார். சிரித்துக்கொண்டே குனிந்து வண்டியின் அடியில் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. பின்சக்கரத்துக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளோடு, லாரிக்குப் போடுகிற தடித்த பட்டைகளைப் புதிதாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மெத்தென்று ஆக்கச் சொன்னால், விறைப்பைக் கூட்டி வைத்திருக்கிறார்!

“என்னங்க மச்சான் இது?”

“ஸ்ட்ராங்குங்க மாப்ள! நாளைக்கே பத்து மூட்டை ஏத்துனாலும் பின்னால குந்தாது.”

“எதுக்குங்க மூட்டை? ஏறப்போறது உங்க தங்கச்சி.”

“வண்டின்னு இருந்தா ஒரு பாரம் ஏத்தாமயா போயிரும்?”

ஏற்றியும் இருந்தார். சமையல் மேடையிலும் படுக்கையின் கால்மாட்டிலும் அட்டை அட்டையாக முட்டை. சங்ககிரியில் யாரோ பங்காளியின் ஓட்டலுக்காம். “காலி வண்டிய ஓட்டியார மனசு கேக்கலீங்க” என்றார். ஒரு நோயாளி படுக்கிற கட்டில்! திருப்பி அனுப்பியிருப்பேன்; ஆனால் அவள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, புதுச் சேலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “மொதல்ல அண்ணன் ஊடு வரைக்கும் போய்ப் பாப்பமுங்க. அது முடிஞ்சா, கடலு” என்றாள். அந்த முகத்துக்கு நேராக நான் என்ன சொல்வது?

நான் ஓட்டினேன், மச்சான் பக்கத்து சீட்டில். பைபாஸ் வரைக்கும் பரவாயில்லை. சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் ஒவ்வொரு குழிக்கும் வண்டி கட்டாந்தரையில் போட்ட கல்லைப் போலத் துள்ளியது. துள்ளும்போதெல்லாம் பின்னாலிருந்து “அம்மா” என்று ஒரு சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் வேகத்தைக் குறைத்தேன். “மெதுவாப் போனாத்தாங்க மாப்ள அடிக்கும். அழுத்துங்க, தெரியாது” என்றார் மச்சான். நான் அழுத்தவில்லை. அப்படியும் அடுத்த வேகத்தடையில் பின்பக்கம் மொத்தமாக எழும்பி விழுந்தது. அட்டைகள் சரிந்தன.

வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். புது ரெக்சின், பசை, பெயின்ட் வாடையோடு முட்டைக் கவிச்சை முகத்தில் அடித்தது. அதில் கெட்ட முட்டையும் இருந்திருக்கிறது. வெள்ளைக் கரு கட்டில் விளிம்பிலிருந்து கோழை கோழையாகத் தொங்கியது. அவள் சேலையில், கழுத்தில், காதோரத்துப் பூவில் ஓட்டுத் துணுக்குகள். ஈக்களுக்கு யார் தகவல் சொன்னார்களோ, அதற்குள் வந்துவிட்டன. அவள் எதையும் துடைக்கவில்லை. இரண்டு கையாலும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மச்சான் உள்ளே தலையை நீட்டி, ஓர் ஓட்டுத் துணுக்கை விரலால் நெம்பிப் பார்த்து, மணல் மூட்டை வைத்தியத்தைச் சொன்னார். அதோடு விடவில்லை. “இதே முட்டை லாரியில கல்கத்தா வரைக்கும் போவுது, ஒரு கீறல் உழுவறதில்லை. ஏன்? பாரம்!”

எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கழுவாத எச்சில் தட்டைப் பார்க்கிறபோது வருமே, அதுதான் வந்தது.

அவள் என் தோளைப் பிடித்து இறங்கினாள். கதவைப் பற்றிக்கொண்டு, இடுப்பை நேராக்க முடிகிற அளவுக்கு நேராக்கிக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்கண்ணா, மணல் மூட்டையோட நானும் ஒரு மூட்டைன்னு நெனச்சுட்டீங்களா?”

“அட, அப்படியெல்லாம் இல்ல அம்மிணி, பட்டை நல்ல பட்டை…”

“பட்டை நல்ல பட்டையாவே இருக்கட்டும். அதக் கழட்டாம இந்த வண்டியில நான் கடலுக்குப் போவ மாட்டேன். போவ முடியாதுங்கண்ணா. அவ்வளவுதான்.”

வீடு திரும்பவும் அதே வண்டிதான், அதே கட்டில்தான். என் துண்டை விரித்து அவளைப் படுக்க வைத்தேன். “நேரா அஸ்தம்பட்டிதானுங்க மச்சான். ஏறுங்க” என்றேன்.

மச்சான் பட்டையின் பக்கமாக ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே எட்டி, உடையாமல் மிச்சமிருந்த ஓர் அட்டையை மட்டும் பதனமாக எடுத்து, முன்சீட்டில் ஏறி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.