வெற்றுப் பக்கத்தில் அடித்த மனு

1. சிவப்புப் பட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வீடு ராஜபாளையம். தினமும் பஸ்ஸைப் பிடித்து வந்து ஒன்பது மணிக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவேன். எனக்குப் பொறுமை கிடையாது. பிரிண்டர் தாள் இழுக்கும் நேரத்தில்கூட எழுந்து நடந்துகொண்டிருப்பேன். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "இலவச டைப்பிங் சாப்ட்வேர்ல எது நல்லதுக்கா?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டு, மனு அடிக்கும் சாப்ட்வேரைத் திறந்ததும் திரையின் மேலே சிவப்பாக ஒரு பட்டை. லைசென்ஸ் இல்லையாம். பழைய மனுக்களைப் படிக்கலாம், ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. காசு கொடுக்காமல் ஏற்றிய காப்பிதான். இத்தனை வருடம் ஓடியதே பெரிது.

அந்த நேரம் பார்த்து வக்கீல் முருகேசன் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். பின்னால் கூமாப்பட்டி பேச்சியம்மாள். அவரது தென்னந்தோப்புக்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் தன்னுடையது என்கிறார். போன மாதம்தான் வழக்குப் போட்டிருந்தோம். மனுவை அடித்தது நான்.

"அக்கா, நாளைக்கு ஜேசிபி வச்சுப் பாதையத் தோண்டப் போறானாம். கோர்ட்டுலருந்து கமிஷனர் வந்து பாதையப் பாக்கணும்னு இன்னைக்கே ஒரு பெட்டிஷன் போடணும். ரெண்டு மணிக்குள்ள வேணும்" என்றார் வக்கீல். ஒரு தாளில் நாலு வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு, கேஸ் கட்டோடு உள்ளே போய்விட்டார்.

பேச்சியம்மாள் ஸ்டூலில் உட்காரவில்லை. "பாத போச்சுன்னா காய எது வழியா வெளிய கொண்டாருவேன்? தோப்ப அவங்கிட்டயே குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றார்.

2. மூன்று இலவசங்கள்

என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் ராஜபாளையத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய். அவருக்குப் போன் போட்டேன்.

"இருக்குக்கா, இலவசமா நெறய இருக்கு. ஆனா உங்க சிஸ்டம் பழசு. ரெண்டு ஜிபி ராம்தான். பெருசா ஏத்துனா மூச்சு வாங்கும்" என்றார்.

கேட்டேனா? இருப்பதிலேயே பெரியதைத்தான் இறக்கினேன். போன் ஹாட்ஸ்பாட்டில் முக்கால் மணி நேரம் போனது. கணக்குப் போடுவது, படம் வரைவது என்று அதில் இல்லாததே இல்லை. திறக்கத்தான் நாலு நிமிடம். ஒரு சொல்லை அடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக ஆடி அசைந்து வந்தது. எரிச்சலில் மூடிவிட்டு இன்னொன்றை இறக்கினேன். அது வேகமாகத் திறந்தது. ஆனால் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அதைக் கோர்ட்டில் கொடுத்தால் திருப்பி வீசுவார்கள்.

மணி பதினொன்றே முக்கால். பேச்சியம்மாளின் போன் அடித்தபடி இருந்தது. "ஜேசிபி இப்பவே பக்கத்துல வத்திராயிருப்பு வரைக்கும் வந்துருச்சாம்" என்று என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ரஹீம் பாய்க்கு மறுபடி போன் போட்டேன்.

"பாய், எதுதான் ஓடும்?" என்று போனில் கத்தினேன்.

"கத்தாதியக்கா. சின்னதா ஒண்ணு அனுப்புதேன். அடிக்கலாம், சேவ் பண்ணலாம், பிரிண்டு போடலாம். அம்புட்டுத்தான். ஒங்களுக்கு வேற என்ன வேணும்?"

உண்மைதான், வேறு என்ன வேண்டும்? அது நான் நாற்காலியைவிட்டு எழுமுன் திறந்துவிட்டது. தமிழ் உடையாமல் நின்றது. விரலுக்குப் பழகிய டைப்ரைட்டர் கீபோர்டும் அதில் வேலை செய்தது.

3. கிழக்கே என்ன?

எங்கள் தொழிலில் யாரும் வெற்றுப் பக்கத்தில் மனு அடிப்பதில்லை. முன்பு வேறு யாருக்கோ அடித்த மனுவைத் திறந்து, பெயர், ஊர், சர்வே நம்பரை மாற்றி அதன் மேலேயே அடிப்போம். அந்தப் பழைய மனுவுக்கு மாதிரி என்று பெயர். என்னிடம் நானூறுக்கும் மேல் மாதிரி உண்டு. எல்லாம் பழைய ஃபான்ட்டில் அடித்தவை. புதிய சாப்ட்வேர் அந்த ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளவில்லை. திறந்தால் கொக்கியும் புள்ளியுமாகத்தான் தெரிந்தது.

திட்டிக்கொண்டே முதல் வரியிலிருந்து அடித்தேன். தபசில் வந்தது. சொத்தின் நான்கு பக்க எல்லையையும் எழுதும் இடம் அது. வழக்கே அதன் மேல்தான் நிற்கும். பழைய சாப்ட்வேரைத் திறந்து போன மாத மனுவைத் தேடப் பொறுமை இல்லாமல் பேச்சியம்மாளிடமே கேட்டேன்.

"பாதைக்குக் கெழக்க என்ன இருக்கு?"

"ஓடை."

"யாரு நெலமும் இல்லையா?"

"எங்கய்யா காலத்துலருந்து ஓடைதான். மழ பெஞ்சா கரை தொட்டுப் போவும்."

ஏதோ உறுத்தியது. சிவப்புப் பட்டை விழுந்த பழைய சாப்ட்வேரில் போன மாத மனுவைத் திறந்து பார்த்தேன். கிழக்கு எல்லை, கந்தசாமி புஞ்சை என்று இருந்தது. அந்தக் கந்தசாமி, செண்பகத்தோப்புப் பக்கத்து வேறொரு வழக்கில் வந்த ஆள். அந்த மனுவின் மேல்தான் பேச்சியம்மாளுக்கு அடித்திருக்கிறேன். மூன்று எல்லையை மாற்றிவிட்டு நான்காவதை விட்டுவிட்டேன். வக்கீல் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். பேச்சியம்மாள் கைநாட்டு வைத்தார்.

மணி ஒன்றே கால். புதிய மனுவிலும் கந்தசாமியையே போட்டுவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும், என் தப்பும் வெளியே தெரியாது. அப்படி நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கமிஷனர் வந்து நிற்கும்போது கிழக்கே ஓடைதானே இருக்கும்? மனுவில் உள்ள பாதை இது இல்லை என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்.

ஓடை என்றே அடித்தேன். பிரிண்டை எடுத்துக்கொண்டு, கடையைத் திறந்துபோட்டபடி கோர்ட் வராந்தாவுக்கு ஓடினேன். பேச்சியம்மாளும் கூடவே ஓடிவந்தார். அவரை வைத்துக்கொண்டே வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னக்கா நீங்க! தல போற நேரத்துல இப்பிடிப் பண்ணிட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "தபசிலத் திருத்த இன்னொரு பெட்டிஷன் சேத்துப் போடணும். ஓடுங்க, அடிங்க."

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி. ஒங்களுக்குத் தெரியும்ல? செத்த நேரம் வாசிச்சுக் காட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே."

4. பிறகு

இரண்டு மனுவும் அன்றே தாக்கலாயின. ஆனால் தபசில் தகராறு என்பதால் உத்தரவு அன்று கிடைக்கவில்லை. மறுநாள் ஜேசிபி வந்தது. பிறகு உத்தரவு கிடைத்து கமிஷனர் போவதற்குள் பாதிப் பாதையைத் தோண்டிவிட்டார்கள். மிச்சப் பாதையையும் ஓடையையும் அவர் அறிக்கையில் எழுதினார். அதை வைத்து வழக்கு இன்னும் நடக்கிறது. பேச்சியம்மாள் தேங்காயைத் தலைச்சுமையாக ஓடைக்குள் இறங்கிக் கொண்டுவருகிறார். அந்தப் பாதிப் பாதை என்னால் போனது.

பிள்ளைகளே, உங்கள் கம்ப்யூட்டர் தாங்குகிற சின்ன சாப்ட்வேராகப் பார்த்து எடுங்கள். முதல் வரியிலேயே தமிழ் உடைகிறதா என்று பாருங்கள். அது மிச்சம் பிடித்துத் தரும் நேரத்தில், அடித்ததை அதற்குரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பேச்சியம்மாள் இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார். எந்தத் தாளாக இருந்தாலும், "வாசிங்க" என்று சொல்லிவிட்டு எதிரே நிற்கிறார். நான் கடைசி வரியை முடிக்கும்வரை கைநாட்டு வைக்க விரலை நீட்டுவதில்லை.