அக்கா விரலில் வைடூரியம்

கொட்டாரம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தி. பாயசம் விளம்ப வந்தவரை, பக்கத்து இலையில் இருந்த அக்கா இடது கையை உயர்த்திப் போதுமென்று மறித்தாள். மண்டபத்து விளக்கில் அவளுடைய மோதிரக் கல்லின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கை அசைந்தால் கோடும் கூடவே நகரும். வைடூரியம் என்கிற பூனைக்கண் கல், தேன் நிறம். நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான்; பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இந்த வயதிலும் அந்த மோதிரத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தக் கல்லை மண்ணிலிருந்து எடுத்தவளே நான்தான்.

அக்கா என்றால் பெரியம்மா மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். முடி, நிறம், கோவிலில் பாடும் குரல், எல்லாம் அவளுக்கு அமைந்திருந்தது. "அவளப் பாத்தாவது படிக்கப்பிடாதா?" என்று அம்மா எதற்கெடுத்தாலும் கேட்பாள். விடுமுறைக்குக் கருங்கல் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனால், அவளோடுதான் சாப்பாடு, அவளோடுதான் தூக்கம். அவளைப் பிடிக்காமல் இல்லை. அவளாக நான் இல்லையே என்பதுதான் என் பாடு.

பெரியம்மா வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னால், எப்போதோ கைவிட்டுப்போன பழைய சுரங்கம் ஒன்று இருந்தது. ஊரில் அதைக் காக்காப்பொன் குழி என்பார்கள். ஏடு ஏடாகப் பிரிந்து கண்ணாடிபோல் மின்னும் மைக்காவுக்காக வெட்டிய குழி. ஆழத்தில் பாறைக்குழம்பு இறுகும்போது, கடைசியில் நீர் மிகுந்த ஒரு மிச்சம் பாறை வெடிப்புகளில் புகுந்து உறையும். அதில் படிகங்கள் தாராளமாக வளரும். கை அகலத்துக்கு மைக்கா, தலையணை அளவுக்குக் குவார்ட்ஸ் எனும் பளிங்குக்கல், வெள்ளை வெள்ளையாக ஃபெல்ட்ஸ்பார். பெக்மடைட் என்பது அதன் பெயர் என்று பிற்பாடு படித்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை இரண்டு தடவை அடித்துப் பெய்தால் குழிமேட்டு மண் கரைந்து புதுக் கல் வெளியே தெரியும் என்பதுதான்.

அப்படி ஒரு மழைக்கு மறுநாள், மாவாக உதிர்ந்த ஃபெல்ட்ஸ்பாருக்குள் புளியங்கொட்டை நிறத்தில் என்னவோ தட்டுப்பட்டது. நகத்தால் தோண்டி எடுத்தேன். கட்டைவிரல் நீளம், நடுவில் ஒரு விரிசல். பளிங்கில் உரசினால் பளிங்கில்தான் கீறல் விழுந்தது. அக்கா கூடவே நின்றதால் பாதி அவளுக்கு. பெரியம்மா வீட்டில் பலாச்சுளையானாலும் அயலை மீனானாலும் ஒரே சட்டம்: துண்டு போடுகிறவள் முதலில் எடுக்கக் கூடாது. அக்கா வெட்டுகத்தியின் புறத்தால் ஒரு தட்டு தட்டினாள். கல் விரிசலில் இரண்டாயிற்று. ஒரு துண்டு கண்ணாடியாகத் தெளிந்து, உள்ளே இளம்பச்சை ஓடியது. மற்றது கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. முதல் எடுப்பு என்னுடையது. யோசிக்கவே இல்லை, தெளிந்ததை எடுத்தேன்.

அக்காவின் முகம் வாடிப்போனது. "மாத்திக்கிடலாமா மக்கா? எனக்க பாசிமாலையும் தாறேன்" என்று வீடு வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தாள். நான் தரவில்லை. அவள் ஆசைப்பட்டு என் கையில் இருந்த பொருள் அது ஒன்றுதான்.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் வளைகுடாவிலிருந்து வந்தபோது, அந்தக் கலங்கல் துண்டைக் கல் தீட்டுகிறவரிடம் கொடுத்தார். குமிழாகத் தீட்டியதும் கண் திறந்துகொண்டது. நாங்கள் எடுத்தது கிரைசோபெரில் என்னும் கல். அதற்குள் மயிரினும் மெல்லிய ஊசிப் படிகங்கள் ஒரே திசையில் நெருங்கிக் கிடந்தால் கலங்கலாகத் தெரியும். குமிழாகத் தீட்டினால் ஒளி அந்த ஊசிகளில் பட்டு ஒரே கோடாகக் கூடும். தெளிந்த கல்லில் ஊசி இல்லை, அதனால் கண்ணும் இல்லை. இதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவள் நான். ஒவ்வொரு தடவையும் அக்காவின் விரல்தான் கண்முன் வந்தது.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அக்கா என் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, ஒனக்க அந்தக் கல்லு இப்பவும் வச்சிருக்கியா?"

"எதுக்குக்கா?"

"சும்மாதான். அதத் தந்தேன்னா இந்த மோதிரத்தக் கழத்தித் தந்திருவேன், கேட்டியா. எல்லாரும் இதப் பாத்து ஆகா ஓகோன்னு சொல்லுதாவ. எனக்கு அதுலதான் கண்ணு. இன்னும் கெனாவுல வருது."

விளையாட்டு இல்லை, அவள் மோதிரத்தை விரல்கணு வரைக்கும் உருட்டிவிட்டிருந்தாள். நாற்பது வருஷமாக நான் ஏங்கிய கல். கை நீட்டினால் போதும். கொடுத்துவிட்டால் அவளுக்கு வேண்டியது அவளுக்குக் கிடைத்துவிடும். அப்புறம் அவள் ஆசைப்பட என்னிடம் என்ன இருக்கும்?

"அது எங்கயோ தொலஞ்சு போச்சுக்கா" என்றேன்.

அக்கா மோதிரத்தைத் திரும்ப உள்ளே தள்ளினாள். ஈர விரலில் கோடு ஒருமுறை ஓடி நின்றது. நான் கைப்பையை இடுக்கிக்கொண்டேன். கல் அதற்குள் சில்லறைப் பர்ஸில்தான் இருந்தது.