தண்ணீர் தெளியும் மட்டும்

இன்று காலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஈரத்தலையோடு வந்து நின்றாள். "டீச்சரம்மா, ஷாம்பு போட்டும் தல பிசுபிசுன்னே இருக்குதுங்க" என்றாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மேல்முடி பளபளக்கிறது. பிடரிக்கு மேலே, அடர்த்தியான இடத்தில், போட்டது போட்டபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாரித் தண்ணீர் வராததால் ஒரே வாளியில் முடித்துக்கொண்டாளாம். உட்காரவைத்து, என் வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றி அலசி அனுப்பினேன். அவள் போனபிறகும் விரல் நுனியில் அந்த வழவழப்பு இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சேலத்தில் நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்த வருஷம் அப்படியே மூக்கில் ஏறிவிட்டது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்.

எனக்கு அப்போது முடி இருந்தது. இன்றைய என் தலையைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். முகம் சுமார்தான், நிறம் அதைவிடச் சுமார். ஆனால் பின்னலைப் பிடிக்க என் அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வாய்க்காலில் என்னைக் குனியவைத்து, அரப்பு இலைத்தூளைக் கஞ்சியில் குழைத்து அப்பி, அரைப்பொழுது அலசுவாள். "தண்ணி தெளியற மட்டும் எந்திரிக்காத சாமி" என்பாள். கழுத்து நோகும். படிக்கப் போனதில் எனக்கிருந்த முதல் சந்தோஷமே அந்தக் கழுத்துவலி இனி இல்லை என்பதுதான் என்றால் பாருங்கள்.

விடுதியில் அரப்புக்கும் சீயக்காய்க்கும் தடை. சக்கை போய்ச் சாக்கடையை அடைக்கிறதாம். ஆளுக்கொரு சோப்புக் கட்டி கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் குழாயில் வரும். ஆனால் அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். உப்புத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரையா வரும்? திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதக்கும். மெல்லிய முடிக்காரிகள் எப்படியோ தப்பித்தார்கள். என் தலையில் அது குடியேறிவிட்டது. வாரா வாரம் மேலே இன்னொரு பூச்சு. சீப்பை இழுத்தால் பல்லிடுக்கில் மெழுகு. பாடம் நடக்கும்போதே பென்சிலால் சொறிவேன். காயாத முடியில் ஒரு முடைநாற்றம் வேறு. என் பெஞ்சில் எனக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது.

விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாளை மேட்ரனம்மா என்போம். வெள்ளைச் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை, சிரிப்பைச் செலவழிக்காத முகம். ஒருநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும், எல்லாருக்கும் முன்னால் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ஏதோ தோல் வியாதி. மத்த பொண்ணுங்களுக்கும் ஒட்டிக்கும். திங்கக்கிழமை ஒட்டக் கத்தரிச்சுடலாம்."

இன்றைக்கு முடியைக் கத்தரிப்பது ஒரு செய்தியே இல்லை. அன்றைக்கு, தலையில் முடியில்லாத பெண்ணைக் கண்டால் ஒன்று நோய், இல்லாவிட்டால் புருஷன் செத்துப்போனான் என்றுதான் ஊர் நினைக்கும். அப்பாவோ என்னை அரைமனதாகத்தான் அனுப்பியிருந்தார். "ஏதாச்சும் ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே வண்டி கட்டிக் கூட்டியாந்துருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். முடி போனால் படிப்பும் போகும். துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

என் அறைத்தோழி செல்லம், தம்மம்பட்டிக்காரி, தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி அழுவுற? நாளைக்கு நம்மள ஏரிக்குத்தானே கூட்டிட்டுப் போறாங்க?"

"ஏரியப் பாத்தா அரிப்பு நின்னுருமா?"

"பாக்கறதுக்கா சொன்னேன்?" என்று, தன் தகரப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துக் காட்டினாள். ஊரிலிருந்து கடத்திவந்த அரப்புத்தூள்! அதன் புளித்த பச்சை வாசனை மூக்கில் பட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் விடுதிப் பெண்கள் எல்லாரும் மேட்ரனம்மாவோடு மாட்டு வண்டிகளில் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஊர் குடிக்கிற தண்ணீர் என்பதால் ஏரியில் இறங்கக் கூடாது. ஆனால் கரைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. ஜோடி மாடுகள் சரிவில் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து தோல்பறி ஏறிவந்து, குபுகுபுவென்று தொட்டியில் கவிழும். ஏரி கசிந்து ஊறும் தண்ணீர், துளி உப்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானும் செல்லமும் நழுவினோம். மோர்ப்பானையும் எங்களோடு நழுவியது.

"ஏனுங்க, இங்க தலை முழுகிக்கலாமுங்களா?"

மாடு ஓட்டியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கென்ன சாமி. எப்படியும் வயலுக்குப் போற தண்ணிதான். உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, சரிவில் இறங்கி முதுகைக் காட்டிக்கொண்டார்.

புளித்த மோரில் அரப்பைக் குழைத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, செல்லம் என் மண்டையோடு தேய்த்தாள். பிறகு தொட்டியோரம் குனிந்தேன். முதல் பறி தலையில் கவிழ்ந்தபோது மூச்சே நின்றுவிட்டது. தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஓடியது. அடுத்து பச்சையும் வெள்ளையுமாக. அடர்ந்த முடி லேசில் விடுகிறதா? மேலே சுத்தமாகிவிட்டது போல ஏமாற்றும். காதுக்குப் பின்னால், பிடரிக்குள், நடுமண்டையில் விரலை விட்டுத் தூக்கித் தூக்கிக் காட்டினால்தான் உள்ளே ஒளிந்திருப்பது இறங்கும். "இன்னும் வழுக்குது, குனி" என்பாள் செல்லம். குனிவேன். கழுத்து வலித்தது. அவ்வளவு இனிப்பான கழுத்துவலியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. கடைசியில் முடியை உருவினால் கீச்சென்று சத்தம் வந்தது. தொட்டித் தண்ணீரில் அடிக்கல் தெரிந்தது.

நிமிர்ந்தால், எதிரே மேட்ரனம்மா.

செல்லம் மோர்ப்பானையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அது மறைகிற பானையா? மேட்ரனம்மா கிட்டே வந்து, என் தலைக்குள் விரலை விட்டார். வகிடு மாற்றி வகிடு பார்த்தார். விரலைத் தேய்த்து முகர்ந்தார்.

"அது எங்க போச்சு?"

"வியாதி இல்லீங்கம்மா" என்றேன். ஈரமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். "உப்புத் தண்ணியில சோப்பு போக மாட்டேங்குதுங்க. தங்கித் தங்கிச் சேந்துபோச்சு. நல்ல தண்ணியில அலசினா போயிருதுங்க. என்ர முடிய வெட்டாதீங்க."

அவர் செய்தாரே ஒரு காரியம்! தம் கொண்டையூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கொண்டை அவிழ்ந்தது. அதிலும் அதே வெள்ளைப் பிசின்.

"எனக்கும் இங்க வந்த நாளா அரிப்பு. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்து, தொட்டியோரம் குனிந்து, "அரப்பு மிச்சமிருக்கா?" என்றார்.

மிச்சமிருந்தது. நான்தான் தேய்த்தேன். பாதியில் எழுந்திருக்கப் பார்த்தார். "இன்னும் தெளியலீங்கம்மா" என்று பிடரியில் கைவைத்து அமுக்கினேன். சேலம் ஜில்லாவிலேயே மேட்ரனம்மாவின் தலையை அமுக்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குள் மற்றப் பெண்களும் வந்துவிட்டார்கள். மோர்ப்பானை காலி. எல்லாரும் நனைந்தார்கள். வெயில் தாழ ஊருக்குத் திரும்பினோம், வண்டி வண்டியாக, தலைவிரி கோலத்தில், முதல் வண்டியில் மேட்ரனம்மா. கடைவீதியில் ஆட்கள் நடப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அபசகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பின்னலைத் தேடிக் கை கொண்டுபோனேன். "காயட்டும், விடு. பாக்கிறவங்க பாக்கட்டும்" என்றார் மேட்ரனம்மா.

திங்கட்கிழமை கத்தரி வரவில்லை. கடைசி அலசலுக்கு ஆளுக்கொரு குடம் ஏரித் தண்ணீர் என்று புது விதி வந்தது. நான் படித்து முடித்தேன், வேலைக்கும் போனேன், அந்தக் கனத்த பின்னலோடு.

இப்போது அந்தத் தோட்டத்தில் கவலை இல்லை. மோட்டார் வந்தது, பிறகு அதற்கும் தண்ணீர் எட்டாமல் போயிற்று. ஏரி பல கோடைகளில் வெடித்துக் கிடக்கிறது. அதற்கெல்லாம் மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் மறைந்துபோன இன்னொன்றுக்காக எனக்குத் துளி வருத்தமில்லை. அதே கடைவீதியில் இன்று ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். ஒருவரும் நின்று பார்ப்பதில்லை.